கருவில் பட்ட பசி

வியாதிகளைப் பொறுத்தவரையில் நம்மிடம் எழுதப்படாத தர்ம சாஸ்திரம் ஒன்று இருக்கிறது. விஷக் காய்ச்சலில் படுத்தவனுக்காக இரங்குகிறோம். கால் முறிந்தவனுக்கு ஆறுதல் சொல்கிறோம். சர்க்கரை வியாதிக்காரரைக் கண்டால் மட்டும் நமக்குள் ஓர் உபதேசி விழித்துக்கொள்கிறான். "வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா?" என்ற கேள்வியை மரியாதைக்காக விழுங்கிக்கொண்டு, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வைக்கிறோம். கல்யாணப் பந்தியில் அவர் இலையில் ஒரு ஜாங்கிரி விழுந்துவிட்டால் போதும், அக்கம்பக்கத்து இலைக்காரர்களின் கண்ணெல்லாம் அதன் மேல்தான். அவர் அதைத் தொட்டால் ஒரு தீர்ப்பு. தொடாமல் எழுந்தால் வேறொரு தீர்ப்பு. ஆக, அந்த மனிதர் நோயாளி மட்டுமல்ல, குற்றவாளியும் ஆகிவிடுகிறார்.

இந்தத் தீர்ப்பில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அளவுக்கு மிஞ்சித் தின்பதும், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திராமல் காலம் தள்ளுவதும் இந்த நோயை வா வா என்று அழைக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே விதமாகச் சாப்பிட்டு, ஒரே ஆபீசில் நாற்காலியைத் தேய்த்த இரண்டு பேரில், ஒருவருக்கு நாற்பதிலேயே நோய் வருகிறது. மற்றவர் எண்பது வயதிலும் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். 'அது பரம்பரை' என்பார்கள். பரம்பரையும் உண்டுதான். பரம்பரையையும் பழக்கத்தையும் சேர்த்துக் கூட்டினாலும் கணக்கு முழுசாகச் சரிவரவில்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். விட்டுப்போன தொகை எங்கே என்று தேடியவர்கள், யாரும் போய்ப் பார்க்க நினையாத ஓர் இடத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த இடம் தாயின் கருப்பை.

எனக்கு விஞ்ஞானப் படிப்பு அதிகம் இல்லை. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு அது நின்றுவிட்டது. இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் என் தொழில். கதை எழுதுகிறவனுக்கு, ஒரு மனிதனின் கதையை எங்கே தொடங்குவது என்பது எப்போதும் இருக்கும் தொல்லை. அவன் வேலை தேடிப் பட்டணம் வந்த நாளில் தொடங்கலாம். பிறந்த நாளில் தொடங்கலாம். 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்றார்கள் நம் முன்னோர். தொட்டிலுக்கும் முன்னே போய்த் தொடங்கு என்கிறது இன்றைய வைத்தியம். அப்படித் தொடங்கினால் கதை மட்டும் மாறுவதில்லை. யாரைக் குற்றம் சொல்வது என்பதும் மாறிவிடுகிறது. அதனால்தான் இதை வைத்தியக் கட்டுரையாக எழுதாமல் நியாயத்தைப் பற்றிய கட்டுரையாக எழுதுகிறேன்.

முதலில் ஹாலந்து தேசத்துக்குப் போவோம். 1944 செப்டம்பரில், ஜெர்மானியரின் பிடியில் இருந்த அந்த நாட்டை விடுவிக்க நேச நாட்டுப் படைகள் இறங்கின. அவற்றுக்கு உதவியாக, லண்டனில் இருந்த ஹாலந்து அரசாங்கம் தன் நாட்டு ரயில்வே ஊழியர்களை வேலைநிறுத்தம் செய்யச் சொல்லிற்று. ஜெர்மானியர் பழிக்குப் பழியாக, மேற்கே உள்ள பெரிய நகரங்களுக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். பின்னால் தடையைக் கொஞ்சம் தளர்த்தியபோது, அவ்வருஷத்துக் கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்து, படகுகள் நகர முடியவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரேஷன் நவம்பர் முடிவில் 1,000 கலோரிக்குக் கீழே இறங்கியது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை 400-க்கும் 800-க்கும் இடையில் நின்றது. ஜனங்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்றார்கள்; சர்க்கரைக் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். 20,000 பேருக்கு மேல் மாண்டார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்தது. ஜூன் மாதத்திலேயே ரேஷன் 2,000 கலோரியைத் தாண்டிவிட்டது.

உலகத்தில் பஞ்சங்கள் எத்தனையோ. ஆனால் இந்தப் பஞ்சத்தில் ஒரு விசேஷம் உண்டு. கதவைச் சாத்தித் திறந்ததுபோல, இன்ன மாதத்தில் தொடங்கி இன்ன மாதத்தில் முடிந்தது. அதற்கு முன்னும் பட்டினி இல்லை; பின்னும் இல்லை. பணக்காரர், ஏழை என்ற பேதமும் அதிகம் பார்க்கவில்லை. அந்த நகரத்து ஆஸ்பத்திரிகளோ, பிரசவக் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்திருந்தன. ஆம்ஸ்டர்டாமில் வில்ஹெல்மினா காஸ்ட்ஹவுஸ் என்ற ஆஸ்பத்திரியில் 1943 நவம்பருக்கும் 1947 பிப்ரவரிக்கும் இடையில் பிறந்த 2,414 பேரின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் நடுவயதை அடைந்தபோது ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போனார்கள். அவர்களில் 702 பேருக்கு, ஐம்பது வயது வாக்கில், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். முடிவு 1998-இல் வெளிவந்தது. கர்ப்பத்தின் நடு மாதங்களிலும் கடைசி மாதங்களிலும் தாயோடு பஞ்சத்தில் இருந்தவர்களின் உடம்பு, சர்க்கரையைச் சமாளிக்க மற்றவர்களைவிட அதிகம் திணறியது.

இன்னொன்று இதைவிட ஆச்சரியமானது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் மட்டும் பஞ்சத்தைச் சந்தித்துவிட்டு, மற்ற மாதங்களில் விடுதலைக்குப் பின் வந்த நல்ல சாப்பாட்டில் வளர்ந்த குழந்தைகள் இருந்தார்கள் அல்லவா? அவர்கள் பிறந்தபோது எடையில் குறைவே இல்லை. தராசுக்கு அவர்கள் ஆரோக்கியமான பிள்ளைகள். ஆனால் அவர்களிடம்தான் பிற்காலத்தில் இருதய நோயும், ரத்தத்தில் கொழுப்பின் கோளாறும் கூடுதலாகக் காணப்பட்டன. 2008-இல் வேறொரு குழுவினர், கருவுற்ற சமயத்தில் பஞ்சத்துக்கு ஆட்பட்டவர்களை அவர்களுடைய கூடப் பிறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில் எழுத்து மாறவில்லை. அந்த எழுத்தை உடம்பு எவ்வளவு அழுத்தி வாசிக்க வேண்டும் என்று காட்டும் ரசாயனக் குறிகள் குறைந்திருந்தன. அறுபது வருஷத்துக்குப் பிறகும் அந்தக் குறி அழியாமல் இருந்தது. பட்ட பசியை அவர்களில் ஒருவரும் அறியமாட்டார்கள். உடம்பு மறக்கவில்லை.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? வரும்படி திடீரென்று குறைந்துபோன ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டை நடத்துகிற பெண்மணி என்ன செய்கிறாள்? பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தில் கை வைக்க மாட்டாள். ஒழுகுகிற ஓட்டை மாற்றுவதைத் தள்ளிப்போடுவாள். சுவருக்கு வெள்ளையடிப்பது அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பாள். கருவில் உள்ள சிசுவும் இதையே செய்கிறது. வருகிற ரத்தம் குறைந்தால், இருப்பதை மூளைக்கு அனுப்பிவிட்டு மற்ற உறுப்புகளில் சிக்கனம் பிடிக்கிறது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வடிகட்டிகள் கருவிலேயே உருவாகி முடிந்துவிடுகின்றன. ஏறக்குறைய 36-ஆம் வாரத்துக்குப் பிறகு புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. அப்போது குறைந்தது ஆயுள் முழுவதும் குறைந்ததுதான். பின்னாளில் ரத்தக் கொதிப்புக்கு அது ஒரு வாசல். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் குறைகின்றன. சர்க்கரையை எரிக்கும் முக்கியமான அடுப்பாகிய தசையும் குறைகிறது. கிடைத்ததைச் செலவழிக்காமல் சேர்த்துவைக்கும் குணம் மட்டும் வளர்கிறது.

இந்தச் சிக்கனத்தில் குற்றம் எதுவும் இல்லை. அன்றைக்குப் பிழைக்க அதுதான் வழி. வெளியே உள்ள உலகம் வறண்ட உலகம் என்று தாயின் ரத்தம் சிசுவுக்குச் செய்தி சொல்கிறது. அதை நம்பி அது தன்னைத் தயார் செய்துகொள்கிறது. வெளியே வந்து பார்த்தால் உலகம் வேறாக இருக்கிறது. அரை வயிற்றுக்காகக் கட்டிய உடம்பில் முழு வயிறு சாப்பாடு வருஷக்கணக்கில் இறங்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹேல்ஸ், பார்க்கர் என்ற இருவர் 1992-இல் இதைத்தான் ஒரு கொள்கையாக எழுதினார்கள். சிக்கனமாக அமைந்த உடம்பு செழிப்பில் தடுமாறுகிறது என்பது அதன் சாரம்.

டேவிட் பார்க்கர் இந்த எண்ணத்துக்கு வந்த வழியே ஒரு கதை. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற ஜில்லாவில், எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையார், மருத்துவச்சிகளை மேற்பார்க்கும் அதிகாரியாக இருந்தார். 1911 முதல், அந்த ஜில்லாவில் பிறக்கும் குழந்தைகளின் பிறந்த எடையையும், ஒரு வயது எடையையும், தாய்ப்பால் குடித்ததா என்பதையும் பேரேட்டில் எழுதி வைக்க ஏற்பாடு செய்தார். ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தரின் அலுக்காத கடமைதான் அது. எதிர்காலத்துக்கு உதவும் என்றெல்லாம் அவர் எழுதவில்லை. ஏழெட்டுப் பத்து வருஷங்கள் கழித்து, அந்தப் பேரேடுகளில் இருந்த குழந்தைகள் கிழவர்களான பின், பார்க்கரின் குழு அவர்களைத் தேடிப்பிடித்தது. 64 வயதான 370 ஆண்களைச் சோதித்து 1991-இல் கணக்கு வெளியிட்டார்கள். பிறந்தபோது இரண்டரை கிலோவும் அதற்குக் குறைவாகவும் இருந்தவர்களில் நூற்றுக்கு 40 பேருக்குச் சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ இருந்தது. நாலு கிலோ முந்நூறு கிராமும் அதற்கு மேலும் இருந்தவர்களில் அது நூற்றுக்கு 14.

இதைக் கேட்டதும் ஆட்சேபம் சொன்னவர்கள் பலர், ஆட்சேபமும் நியாயமானதுதான். 'சின்னதாய்ப் பிறந்த பிள்ளை ஏழை வீட்டில் பிறந்த பிள்ளை, ஏழையாகவே வளர்ந்திருப்பான், பின்னால் வந்த வறுமையை விட்டுவிட்டுக் கருவறையைக் குற்றம் சொல்வானேன்?' என்றார்கள். 'குழந்தையின் எடையைக் குறைக்கிற மரபணுவே சர்க்கரை நோயையும் கொண்டுவரலாமே' என்றார்கள் வேறு சிலர். அப்படிப்பட்ட மரபணுக்கள் உண்டு என்பதும் மெய்தான். ஆனால் ஹாலந்துப் பஞ்சம் மரபணுவைப் பார்த்து வரவில்லை. தேதியைப் பார்த்து வந்தது. 1932-33-இல் உக்ரேனில் வந்த கொடும் பஞ்சத்தைப் பற்றி 2024-இல் வெளிவந்த ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பிறப்புகளை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, பஞ்சம் உச்சத்தில் இருந்த சமயத்தில் கருவின் ஆரம்ப மாதங்களில் இருந்தவர்களுக்கு, மிகவும் பாதிக்கப்பட்ட மாகாணங்களில், சர்க்கரை நோய் இரண்டு மடங்குக்கு மேல் வந்திருந்தது.

ஒத்துவராத சாட்சி ஒன்றும் உண்டு. அதை மறைப்பது தர்மமாகாது. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை லெனின்கிராட் நகரம் முற்றுகையில் கிடந்தது. ஹாலந்துப் பட்டினியைவிட அது கோரமான பட்டினி. அங்கே கருவில் இருந்தவர்களைச் சோதித்து 1997-இல் முடிவு சொன்னவர்கள், குழந்தைப் பருவத்தில் பட்டினி கிடந்தவர்களைவிட இவர்களுக்குச் சர்க்கரைக் கோளாறு அதிகம் இல்லை என்றார்கள். இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களில் ஒன்று சிந்திக்கத் தக்கது. லெனின்கிராட்டில் முற்றுகை முடிந்தும் செழிப்பு வந்துவிடவில்லை. கருவில் கேட்ட செய்தியும், வெளியே கண்ட உலகமும் வெகுகாலம் ஒன்றாகவே இருந்தன. அப்படியானால் தீங்கு பசியில் மட்டும் இல்லை. பசியில் உருவான உடம்பைச் சட்டென்று செழிப்பில் தள்ளிவிடுவதிலும் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் நாட்டை நினையாமல் இருக்க முடியாது. மைசூரில் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு ஆஸ்பத்திரி என்று ஒன்று உண்டு. 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். 1954-க்குள் அங்கே பிறந்தவர்களில் ஐந்நூறுக்குச் சற்று மேற்பட்டவர்களைப் பார்த்து 1996-இல் எழுதினார்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களில், இரண்டரை கிலோவுக்குள் பிறந்தவர்களிடம் இருதய நோய் நூற்றுக்கு 11. மூன்று கிலோ நூறு கிராமுக்கு மேல் பிறந்தவர்களிடம் நூற்றுக்கு 3.

புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், பக்கத்தில் உள்ள ஆறு கிராமங்களில் 1993 முதல் தாய்மார்களையும் பிள்ளைகளையும் கவனித்து வந்தார். அங்கே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் ஒப்பிட்ட குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எலும்பும் தோலுமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? தசை குறைந்திருந்தது, உள்ளுறுப்புகள் உள்ள வயிறு சிறுத்திருந்தது, தோலுக்கு அடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க மெலிவு, உள்ளே கொழுப்பு. யாக்னிக் தம்மையும் இங்கிலாந்தில் உள்ள தம் நண்பர் ஒருவரையும் ஒரே படத்தில் நிற்க வைத்து 2004-இல் வெளியிட்டார். உயரத்துக்கும் எடைக்கும் போடுகிற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பின் கொழுப்போ, நண்பருக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2. 'ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கெப்படி வந்தது?' என்று நம் ஊரில் திகைத்து நிற்கும் எத்தனையோ பேருக்கு அந்தப் படத்தில் பாதிப் பதில் இருக்கிறது. 2023-இல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். அத்தனை பேரும் நாக்குக்கு அடிமைகள் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இனி என் கேள்விக்கு வருகிறேன். ஒருவனுடைய நோய் அவன் பிறக்குமுன்பே பாதி எழுதப்பட்டுவிட்டது என்றால், அவனுடைய பொறுப்பு என்ன ஆகிறது?

'இதைத்தானே நாங்கள் தலையெழுத்து என்றோம்' என்று சிலர் எழுந்துவிடுவார்கள். அவர்களை நான் பணிவாக உட்காரச் சொல்லுகிறேன். தலையெழுத்து என்றால் மாற்ற முடியாதது. இங்கே பேசுவது சாய்வைப் பற்றி. இரண்டரை கிலோவில் பிறந்த அந்த ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்க்காரர்களில் நூற்றுக்கு 40 பேருக்குக் கோளாறு என்றால், 60 பேருக்கு இல்லை என்பதும் அதே கணக்குத்தானே? வண்டியை மேட்டில் இழுக்கும்படி ஒருவனை விட்டிருக்கிறார்கள், இன்னொருவனுக்குச் சமதரை. மேட்டில் இழுப்பவனும் ஊர் போய்ச் சேரலாம். ஆனால் அவன் கொஞ்சம் மூச்சுவாங்கி நின்றால், 'சோம்பேறி' என்று சமதரைக்காரன் சொல்வது அழகல்ல. பொறுப்பு அவனுக்கு உண்டு. இன்னும் சொல்லப்போனால் மற்றவனைவிட அவன் அதிகமாக நடக்க வேண்டும், அதிகமாக வாயைக் கட்டவேண்டும். அதிகக் கடமை உள்ளவனிடம் அதிக மரியாதை காட்டுவதுதான் முறை. நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

இதைவிட அபாயமானது இன்னொரு தவறு. நோயாளியைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் அவனைப் பெற்றவளை ஏற்றிவிடுவது. 'தாயைப் போல் பிள்ளை' என்று சொல்லிப் பழகிய நாட்டில் இது வெகு சுலபமாக நடந்துவிடும். பிள்ளை சின்னதாய்ப் பிறந்தால் மாமியார் வாயிலிருந்து முதலில் வருவது, "ஒழுங்காச் சாப்பிட்டிருந்தால்தானே?" என்பது. கருவின் வளர்ச்சி குன்றுவதற்குப் பட்டினி ஒன்றே காரணமல்ல என்பதை அந்த மாமியார் அறியமாட்டாள். நஞ்சுக்கொடி சரியாக அமையாமல் போகலாம், ரத்தக் கொதிப்பு வரலாம், மலேரியா வரலாம், வீட்டுக்குள் புகையிலைப் புகை மண்டலாம், அந்தப் புகை பெரும்பாலும் அவள் ஊதியதாக இராது. இவற்றில் எதை அவள் விரும்பிச் செய்தாள்? பசிதான் காரணமாக இருந்தாலும் அந்தப் பசியை அவள் தேடிப் போனாளா? ஆம்ஸ்டர்டாம் தாய்மார்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள் என்பது உண்மை. அதற்கு அவர்களைக் கேட்பதா, உணவு வண்டியை நிறுத்தியவர்களைக் கேட்பதா?

நம் வீடுகளில் உணவு வண்டியை நிறுத்த அந்நியப் படை தேவையில்லை. கணவன் சாப்பிட்டு, மாமனார் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, பானையில் ஒட்டியது மருமகளுக்கு என்பது எத்தனை வீடுகளில் சட்டமாக இருந்திருக்கிறது! அதைத் தியாகம் என்று புகழ்ந்து கதை எழுதியவர்கள் என் தொழில்காரர்கள்தாம். 'வயிறு நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும்' என்று சொல்லி மசக்கைக்காரியின் கையைக் கட்டிப்போடும் வழக்கமும் உண்டு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு என்று ஒரு நாள் பலவிதச் சாதங்களைக் கிளறி ஊருக்கெல்லாம் போடுவார்கள். அழகான வழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் சிசுவின் உறுப்புகள் உருவாகிக்கொண்டிருந்த மாதங்களில் அவள் கடைசிப் பந்தியில்தானே உட்கார்ந்திருந்தாள்? புனே கிராமங்களில், கீரையும் பழமும் பாலும் அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களுக்குக் குழந்தை பெரிதாகப் பிறந்தது. வயலிலும் வீட்டிலும் அதிகம் உழைத்தவர்களுக்குச் சிறிதாகப் பிறந்தது. கர்ப்பிணி சுமந்த தண்ணீர்க் குடத்தின் கனமும் அந்தக் கணக்கில் வந்துவிடுகிறது.

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்தசோகை இருந்தது. எடை தெரிந்த குழந்தைகளில் நூற்றுக்கு 18 இரண்டரை கிலோவுக்குக் குறைவு. பஞ்சம் எதுவும் இல்லாத வருஷங்களின் கணக்கு இது. வங்காளப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்று சரித்திரத்தில் படிக்கிறோம். 1943-இல் தொடங்கிய அந்தக் கணக்கைச் சாவோடு முடித்தும் விடுகிறோம். பிழைத்த தாய்மார்களின் வயிற்றில் இருந்தவர்கள் நாற்பதிலும் ஐம்பதிலும் கட்டியிருக்கக்கூடிய வட்டியை எந்தச் சரித்திரத்தில் எழுதுவது? பஞ்சத்தை உண்டாக்கியவர்களும், தடுக்கத் தவறியவர்களும் அந்த வட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லையா?

இந்தக் கடனுக்கு ஒரு தலைமுறை என்று எல்லையும் இல்லை. பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. அதாவது, என்னை ஈன்ற கருமுட்டை, என் தாய் பிறக்குமுன், என் பாட்டியின் வயிற்றில் உருவானது. பாட்டி உண்டதும் உண்ணாததும் எனக்குச் சம்பந்தமில்லாதவை என்று இனி நான் சொல்லிக்கொள்ள முடியாது.

சரி, செய்வதற்கு ஏதாவது உண்டா? உண்டு, மந்திரம் மாதிரி அல்ல. மும்பைச் சேரிகளில் 2006 முதல் சில வருஷங்கள், கருவுறுவதற்கு முன்பிருந்தே பெண்களுக்குக் கீரை, பழம், பால் சேர்த்த பலகாரம் ஒன்று தினந்தோறும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தையின் எடை எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிதாகக் கூடிவிடவில்லை. மூன்று மாதம் முன்கூட்டியே சாப்பிடத் தொடங்கியவர்களிடம் 48 கிராம் கூடியது. ஆனால் கர்ப்ப காலத்தில் வரும் சர்க்கரை நோய் நூற்றுக்கு 12 சொச்சத்திலிருந்து 7 சொச்சமாக இறங்கியது. பிள்ளை உண்டான செய்தி தெரிந்த பிறகு சத்துமாவு கொடுப்பது நல்லதுதான். அதற்கு வெகுநாள் முன்பே, அந்தப் பெண் சிறுமியாகப் பந்தியில் உட்காரும்போதே, அவள் இலையைக் கவனிக்க வேண்டும் என்பது இதிலிருந்து எனக்குத் தெரிகிறது.

இன்னொரு பாடம் டில்லியிலிருந்து. அங்கே 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வாலிபத்தில் சர்க்கரைக் கோளாறு கண்டவர்கள், இரண்டு வயதில் மெலிவாக இருந்து, அதற்குப்பின் பன்னிரண்டு வயது வரையில் மளமளவென்று சதை போட்டவர்களாக இருந்தார்கள். அவர்களில் பலரைக் கண்ணால் பார்த்தால் குண்டு என்றே சொல்ல முடியாது. ஆகவே, 'சின்னதாய்ப் பிறந்ததே' என்ற பரிதவிப்பில் பள்ளிக்கூடத்துப் பையனைக் கொழுகொழுவென்று ஆக்க நெய்யும் சர்க்கரையுமாகத் திணிப்பது அன்பாக இருக்கலாம், உதவி ஆகாது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது முதல் இரண்டு வருஷத்தில் போதிய போஷாக்கு, அதன்பின் ஓடியாட ஒரு தெரு.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த நியாயம். இங்கே கையெழுத்துப் போட்டவன் ஒருவன், கட்டுகிறவன் இன்னொருவன். கட்டுகிறவனுக்குக் கையெழுத்தே தெரியாது. அப்போது அவனுக்கு விரல்களே உருவாகவில்லை. அவனைப் பார்த்து உபதேசம் செய்வதில் நாம் காட்டும் உற்சாகத்தில் பாதியை, இன்றைக்கு யார் யார் பெயரில் புதுப் பத்திரங்கள் எழுதப்படுகின்றன என்று பார்ப்பதில் காட்டினால் போதும். அதற்குத் தூரதேசம் போக வேண்டியதில்லை. நம் வீட்டிலும், நம் வீட்டுக்கு வேலை செய்ய வருகிறவள் வீட்டிலும், கருவுற்ற பெண் எந்தப் பந்தியில் உட்காருகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவள் முதல் பந்தியில் உட்காரும்படி செய்துவிட்டு, அதன்பின் அடுத்தவர் இலையில் விழுந்த ஜாங்கிரியைப் பற்றிப் பேசுவோம்.